தேயிலைக்காட்டில் விலங்கியல் வகுப்பு

நான் கீழே கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், முதல் வகுப்பில், விலங்கியல் மேடம் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்று "குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்" என்று சொன்ன அதே நொடியில், மேலே மலையில், பனிச்சோலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஈரம் காயாத தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மா பவுனுத்தாய், யாரையும் பார்க்காமல், கையை நிறுத்தாமல், "குட் மார்னிங் ஸ்டூடன்ட்ஸ்" என்றாள். பக்கத்து நிரையில் நின்ற ஜெபமணி அக்கா தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, மரியாதைக்கு "குட் மார்னிங்" என்று பதில் சொல்லிவிட்டு, என்ன இன்னைக்கு பவுனு குஷியா இருக்கா, மகளக் காலேஜுல சேத்த சந்தோசம் போல என்று எண்ணிக்கொண்டாள். ஆனால் அம்மா அதோடு நிற்கவில்லை. முதுகெலும்பு உள்ளவை, முதுகெலும்பு இல்லாதவை என்று விலங்குகளைப் பிரிக்கத் தொடங்கியவள், பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக ஃபேக்டரிச் சங்கு ஊதும்வரை பிரித்துக்கொண்டே இருந்தாள்.

கல்லூரியில் முதல் மணி அடித்ததிலிருந்து கடைசி மணி அடிக்கும்வரை என் காதில் விழுவதெல்லாம் அம்மாவின் வாயிலிருந்து வந்தது. நடந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் எங்களுடையது. சிறுத்தை, கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைமடுவத்துச் சுவரில் ஏறி வெயில் காயும். யானை ரேஷன் கடைக் கதவை உடைத்து அரிசியை மட்டும் தின்றுவிட்டுப் பருப்பை விட்டுவிட்டுப் போகும். அதெல்லாம் எங்களைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது?

இருந்தாலும் முதல் வாரம் பயந்துதான் போனார்கள். முனியப்பன் கோயில் பூசாரியை அழைத்துவந்து வேப்பிலை அடித்தார்கள். பூசாரி "யாரு நீ, எங்கிருந்து வர்ற, சொல்லு" என்று அதட்ட, அம்மா அமைதியாக, ஒருசெல் உயிரி என்றும், குளம் குட்டைகளில் வாழ்வதாகவும், போலிக்கால்களை நீட்டி நகர்வதாகவும் விளக்கினாள். பூசாரி இரண்டு கையையும் கூப்பிவிட்டு, இது நம்ம ஊர்ப் பேய் இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அடுத்து ஜெபமணி அக்கா தன் சபைப் பாஸ்டரைக் கூட்டிவந்தாள். அவர் சற்று நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது அந்நிய பாஷை, பரிசுத்த ஆவி இறங்கியிருக்கிறது என்று மகிழ்ந்து அல்லேலூயா சொன்னார். பாவம், அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். கரப்பான்பூச்சி என்ற சொல்லும் அதன் பின்னாலேயே குடல் என்ற சொல்லும் வந்ததும் பைபிளை மூடிவிட்டார்.

சனிக்கிழமை நான் விடுதியிலிருந்து போன் செய்தபோது அம்மா அழுதாள். "எனக்கு என்னமோ ஆயிருச்சுடி லோகு. வாயி எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது. என்னென்னமோ ஒளறுறேன்." என்ன உளறினாய் என்று கேட்டேன். "அமீபான்னு ஒருத்தி. அவளுக்குக் கை கால் கெடையாதாம். தன்னையே ரெண்டாப் பிச்சுக்குவாளாம்" என்றாள். நான் நோட்டைப் பிரித்தேன். அந்த வாரம் எனக்கு நடந்த பாடம் ஒவ்வொன்றையும் நான் சொல்லச் சொல்ல, அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கிய ஜெபமணி அக்கா, "ஆமா, செவ்வாக்கெழம சொன்னா. ஆமா, அது புதங்கெழம மத்தியானம்" என்று ஒப்பிட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பெருமூச்சு விட்டாள். "அப்ப நீ காதுல வாங்குறத இவ வாயில விடுறா. அவ்வளவுதான? இதுக்குப் போயி பூசாரிக்கு ஒரு கோழிய அழிச்சோமே!"

அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அது எஸ்டேட்டின் ஒரு வேலையாகிவிட்டது.

காலையில் மஸ்டரில் பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார் சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன். அதுவரை பெண்கள் சண்டை போட்டது கொழுந்து அடர்ந்த நிரைக்காக. இப்போது அம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தியே தினமும் பக்கத்தில் நின்றால் மற்றவர்கள் எப்படிக் கேட்பது? பேசிப் பேசி, முறை வைத்துக்கொண்டார்கள். யாருக்குப் பக்கத்து நிரை வருகிறதோ, அவள் அன்று கேட்டதை மாலையில் தண்ணீர்க் குழாயடியில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்து மழையில், பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, மூடுபனியில் அம்மா கண்ணுக்கே தெரிய மாட்டாளாம். குரல் மட்டும் செடிகளுக்கு மேலே நடந்து வருமாம், தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று சொல்லிக்கொண்டே. அந்தக் குரலை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தோம் என்று பிறகு பலரும் என்னிடம் சொன்னார்கள்.

குறைகளும் வந்தன. "எல்லாரும் சோத்துப் பொட்டலத்தப் பிரிக்கிற நேரத்துல ஒங்கம்மா கரப்பான்பூச்சிய அறுத்துக் காட்டுறா. ஒங்க டீச்சர்ட்ட சொல்லி அந்தப் பாடத்தக் காலையில வச்சுக்கச் சொல்லேன்" என்று ஒருத்தி போனில் கேட்டாள். அட்டைப் பாடம் நடந்த அன்று வேலையே ஓடவில்லை. அட்டையில் ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் என்று அம்மா சொன்னதும், காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தங்கராசு அண்ணன் வெட்கப்பட்டு அடுத்த காட்டுக்குப் போய்விட்டார். லைன் வீட்டு நாய் ஒன்றுக்கு அமீபா என்று பெயர் வைத்தார்கள். ஜெபமணி அக்காவின் மருமகள் பிள்ளை பெற்றபோது, கேட்ட பாடங்களிலேயே அழகான பெயர் இதுதான், பைபிளில் வருகிற பெயர் மாதிரியே இருக்கிறது என்று சொல்லி, பாஸ்டரை வைத்து ஞானஸ்நானமும் கொடுத்து, டாப்னியா என்று பெயரிட்டுவிட்டார்கள். விடுமுறைக்கு நான் போனபோது அந்தப் பிள்ளை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது. டாப்னியா என்பது தண்ணீர்ப் பூச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்படியெல்லாம் கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கீழே நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் சேர்ந்தது ஓர் அறக்கட்டளையின் உதவியில். மலைத் தோட்டங்களிலிருந்து ஆண்டுக்கு ஒரு பெண்ணை எடுத்துப் படிக்கவைப்பார்கள். படிப்பும் அவர்களுடையது, விடுதிச் சாப்பாடும் அவர்களுடையது. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், போனவர் போனவர்தான். அதனால் அந்த உதவி இல்லாவிட்டால் நானும் அம்மாவுக்கு அடுத்த நிரையில்தான் நின்றிருப்பேன். உதவியில் படிக்கிற பிள்ளை கவனமாகப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டு வகுப்பில் மற்றப் பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நான் ஒரு நிமிடம் கண் அயர்ந்தால், மேலே அம்மா வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவாள். மாலையில் போன் வரும். "ஏண்டி, இன்னைக்கு மீனோட செவுளு வரைக்கும் வந்துட்டு அப்படியே விட்டுட்டியே, தூங்கிட்டியா? நாங்க நின்னுக்கிட்டே கேக்குறோம், ஒனக்கு ஒக்காந்துக்கிட்டுக் கேக்கக் கசக்குதா?" டிவிஷனே எனக்கு விடுதிக் காப்பாளர்.

ரகசியம் என்று ஒன்று எனக்கு இல்லாமல் போயிற்று. பின்பெஞ்சுக்காரி ஒருத்தி ஒருநாள் குனிந்து, "பஸ் ஸ்டாண்டுல நீலச் சட்டைக்காரன் ஒன்னையே பாக்குறான்டி" என்று கிசுகிசுத்தாள். அது போய் எங்கே விழுந்தது? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு அம்மாவின் வாயே ஊர் வாயாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க நீலச் சட்டையின் சாதி என்ன, வேலை என்ன என்று தேயிலைக்காட்டில் விசாரணை நடந்தது. அதற்குப் பிறகு நான் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னிடம் யாரும் கிசுகிசுக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். உதவியில் படிக்கிற பிள்ளை, தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தேன். ஆனால் இரவில் அழுதிருக்கிறேன், பொய் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்தவள் என் அறைத்தோழி ஹசீனா ஒருத்திதான். அவள் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் காதருகே வந்து, "அம்மா, சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். மேலே அம்மா சோற்றுப் பொட்டலத்தின் முன்னால் உட்கார்ந்து, சுற்றியிருப்பவர்களைப் பார்த்து, "அம்மா, சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். எல்லாப் பெண்களும் ஒரே குரலில் "சாப்ட்டோம் ஹசீனா" என்பார்கள். அந்தப் பதில் இவளுக்குக் கேட்காது. மாலையில் போனில் நான் கேட்டுச் சொல்வேன். ஹசீனாவுக்கு அது போதும்.

அம்மா பட்டதை நான் முழுவதும் உணர்ந்தது இரண்டாம் ஆண்டில். அன்று மேடம் மெண்டலின் பட்டாணிச் செடிகளை நடத்திக்கொண்டிருந்தார். அம்மா நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோது, சோலை ஓரத்தில் யானை நின்றது. எல்லோருக்கும் முன்னால் பார்த்தவள் அம்மாதான். "யானை" என்று கத்த வேண்டும். வாய் திறந்தால் பட்டாணி வருகிறது. கத்தினாள், பட்டாணிதான் வந்தது. படங்குச் சாக்கை உருவித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஓடினாள் அம்மா, ஓங்கி அலறிய குரலில் மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே. அந்தக் கோலத்தைப் பார்த்து எல்லோரும் ஓடித் தப்பித்தார்கள். யானையும் பயந்து திரும்பிவிட்டது என்று சொல்வார்கள், அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

அன்று மாலை போனில் நான் சொன்னேன், "நான் படிப்ப நிறுத்திட்டு வந்துர்றேம்மா." அம்மாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஒரு யானைக்காகவாடி படிப்ப நிறுத்துவ? யானை நாளைக்கும் வரும், அடுத்த வருசமும் வரும். அது பாட்டுக்கு வரட்டும்." பின்னாலிருந்து ஜெபமணி அக்காவின் குரல் கேட்டது: "யானைய நாங்க பாத்துக்குறோம். நீ பாடத்தப் பாரு!" அதற்குப் பிறகு பெண்கள் அம்மாவின் குரலைக் காதிலும் அம்மாவின் கைகளைக் கண்ணிலும் வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகினார்கள். தாகம் என்றால் ஒரு சைகை, அட்டை என்றால் ஒரு சைகை, தலைவலி என்றால் ஒரு சைகை. காலையிலிருந்து மாலைவரை அம்மாவுக்கென்று ஒரு சொல் கிடையாது.

அதை நினைத்து ஒருநாள் மத்தியானம் வகுப்புக்குப் போகாமல் நூலகத்தில், யாரும் பேசாத மூலையில் போய் உட்கார்ந்தேன். அம்மாவின் வாய்க்கு ஓய்வு கொடுக்கலாம் என்று. மாலையில் அம்மா பதறிப்போய்க் கேட்டாள், "ஏண்டி, ஒடம்பு சரியில்லையா? கிளாசே கேக்கலயே." இல்லம்மா, உனக்காகத்தான் என்றேன். "என்ன பேசுறதுன்னே தெரியலடி" என்றாள் அம்மா. "எல்லாரும் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாளுக. எனக்கு ஒண்ணும் வரல. வெறும் வாய மென்னுக்கிட்டு நின்னேன்." அதன்பின் நான் ஒரு வகுப்பையும் விடவில்லை.

இப்படியே மூன்றாம் ஆண்டும் முடிந்து, பட்டமளிப்பு விழா வந்தது. அங்கேதான் எனக்கு உண்மையான சோதனை காத்திருந்தது.

அறக்கட்டளைக்கு ஒரு வழக்கம் உண்டு. உதவி பெற்ற பெண் அன்று மேடையேறி நன்றியுரை சொல்ல வேண்டும். அந்த உரையை யாரும் எழுதுவதில்லை. முதல் பெண் சொன்னது அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு என்று வாய்வழியாகவே வருகிறது. எனக்கு முந்தைய ஆண்டுக்காரி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் ஒரு வரி வரும்: "எழுத்தறியாத, ஏழைக் கூலியான என் தாய், உங்கள் கருணை இல்லையென்றால் என்னை இருட்டில்தான் வைத்திருப்பாள்." அந்த வரியில் செயலாளர் ரத்தினவேல் ஐயா கண்ணைத் துடைத்துக்கொள்வார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உதவி செய்கிறவர்கள் எல்லோரும் கைதட்டுவார்கள்.

எனக்கு முன்னால் அதைச் சொன்ன பெண்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொன்னால்? என் குரல் என் காதில் விழும். விழுந்தால், என் அம்மா தன் வாயாலேயே, தன்னை இருட்டு என்று ஒரு சபைக்குச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் தன் வாயை எனக்காகக் கொடுத்தவளின் வாயில் நான் வைக்கப்போகும் கடைசிச் சொல் அதுவா?

ரத்தினவேல் ஐயாவைப் பார்த்து, அந்த ஒரு வரியை விட்டுவிடலாமா என்று கேட்டேன். நல்ல மனிதர் அவர், பதறிவிட்டார். "ஆகாது கண்ணு. கேக்கறவீங்க மனசு எளகறதே அந்த வரியிலதானுங். அத எடுத்துப்போட்டா, நாளைக்கு வேறொரு புள்ளைக்குக் குடுக்கோணும்னு அவங்களுக்கு எப்பிடித் தோணும்? நீ அந்தப் புள்ளைய நெனச்சுப் பாரு." நினைத்துப் பார்த்தேன். அதனால்தான் மறுத்துப் பேச முடியவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "சொல்லிட்டு எறங்கேன்டி. பொய்யாவா சொல்ற? நான் படிக்கல. கூலிக்குத்தான் போறேன். எந்தாயி, நன்றி சொல்றதுக்கு மூக்கால அழுவாத" என்றாள். அவளுக்கு அது பெரிதில்லை போல. எனக்குப் பெரிது.

விழாவுக்கு வர மாட்டேன் என்றும் சொன்னாள். அதுவரை கல்லூரி வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை, மிதித்தால் வாய் ஊரைக் கூட்டிவிடுமே என்ற பயம். "சபையில நான் பொலம்பிக்கிட்டுக் கெடந்தா ஒனக்குத்தான் அசிங்கம்." ஆனால் டிவிஷன் விடவில்லை. மூன்று வருடம் படித்த பிள்ளைகள் பட்டம் வாங்குகிற நாளில் வீட்டில் இருப்பார்களா? தங்கராசு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு லீவு கொடுத்தார். அன்று மூன்றாம் டிவிஷனில் கொழுந்து முற்றிக் கிடந்தது. எல்லாப் பெண்களும் இருக்கிறதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் இறங்கி வந்து, அரங்கத்தின் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் அம்மா. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் மணி அடித்தது. முதல்வர் வரவேற்றார், கடைசி வரிசையில் துணிக்குள்ளிருந்து ஒரு முனகல் வரவேற்றது. சிறப்பு விருந்தினர் நீளமாகப் பேசினார், முனகலும் நீளமாகப் பேசியது. அதை மறைக்க மலைப் பெண்கள் முறை வைத்து இருமினார்கள். முறை வைப்பதில் அவர்களைக் கேட்கவா வேண்டும்! முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்து, பாவம், கீழே இறங்கினா சூடு ஒத்துக்கல போல என்றாள். பட்டங்களைக் கொடுத்து முடித்து, பொழுது சாயும் நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மைக்கின் முன்னால் நின்று "அனைவருக்கும் வணக்கம்" என்றேன். துணிக்குள்ளிருந்து அம்மாவும் வணக்கம் சொன்னாள். தேயிலை மலையில் பிறந்ததையும் பள்ளிக்கூடத்துக்கு நடந்ததையும் சொன்னேன். அந்த வரி வந்தது. நான் நின்றுவிட்டேன்.

அரங்கம் காத்திருந்தது. எனக்குப் பின்னால் நாற்காலியில் ரத்தினவேல் ஐயா கைக்குட்டையை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தார். பிள்ளை பயத்தில் மறந்துவிட்டது என்று நினைத்து, அன்பாக, மெதுவாக, எடுத்துக்கொடுத்தார்: "எழுத்தறி..."

கடைசி வரிசையில் துணிக்குள் "எழுத்தறி" என்று கேட்டது. நான் இரண்டு கைகளாலும் என் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டேன்.

அந்தப் பக்கம் முதல்வர் ஏதோ சொல்கிறார், உதடு அசைகிறது. இந்தப் பக்கம் ஐயா எழுந்துவிட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இன்னும் அழுத்தினேன். அப்போது கடைசி வரிசையில் அம்மா வாயிலிருந்து முந்தானையை எடுப்பதைப் பார்த்தேன். எழுந்து நின்றாள். பேசினாள். முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் நடுவே அவளுடைய வாய் அவளுடைய சொல்லைப் பேசிக்கொண்டிருக்க, அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. கேட்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். என்ன பேசினாள் என்பதைப் பிறகு ஹசீனா சொன்னாள்: "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. எம்மவ மறக்கல. அவ எதையும் மறக்க மாட்டா. மூணு வருசம் அவ காதுல விழுந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். அவ தூங்கல. கத பேசல. ஒருநாளு எனக்காகக் கிளாசுக்குப் போகாம இருந்தா, அதுவும் எனக்குத் தெரியும். ஏழைன்னு சொல்றதுக்கு வெக்கப்படுற புள்ள இல்ல அவ. எம்மூஞ்சிக்காக நிக்கிறா."

பேசிக்கொண்டே அவள் நடுப்பாதையில் நடந்து வந்தாள், தேயிலை நிரையில் நடப்பதுபோலக் கையால் இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு. மேடைக்குக் கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, கையை எடு என்று சைகை காட்டினாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். எடுடி என்று கண்ணை உருட்டினாள். எடுத்தேன்.

"நீ பேசு" என்றாள் அம்மா.

அது என் காதில் விழுந்தது. விழுந்ததால் அவள் வாயில் மறுபடி வந்தது. "நீ பேசு." அதுவும் என் காதில் விழுந்தது. "நீ பேசு. நீ பேசு. நீ பேசு." அம்மாவே திகைத்துவிட்டாள். வாயைப் பொத்தப் பார்த்தாள், விரலிடுக்கில் அது வந்தது. மெல்லவும் இல்லை, உரக்கவும் இல்லை, காய்ச்சல் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது சொல்வதுபோல, நீ பேசு, நீ பேசு, நீ பேசு என்று வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. நான் பேச வேண்டும். நான் பேசுவது எதுவானாலும் அவள் வாயிலும் வரும். இரண்டு வாய்க்கும் பொருந்துகிற ஒன்றைப் பேச வேண்டும்.

"நாங்க மூணு வருசம் படிச்சோம்" என்றேன்.

"நாங்க மூணு வருசம் படிச்சோம்" என்றாள் அம்மா, கீழே நின்று, அரங்கத்தைப் பார்த்து.

"மழையிலயும் படிச்சோம். வாய் வலிக்க வலிக்கப் படிச்சோம். யானை வந்த அன்னைக்கும் படிச்சோம். எங்களுக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு. எங்களப் படிக்க வச்ச உங்க எல்லாருக்கும் எங்க நன்றி. எங்களுக்கு அடுத்து வர்ற புள்ளையையும் படிக்க வைங்க."

மைக்கில் ஒரு குரலும் மைக் இல்லாமல் ஒரு குரலும். இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தன. கடைசி வரிசையில் ஜெபமணி அக்கா எழுந்து, "நாங்களுந்தான் படிச்சோம்!" என்று கத்தினாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். முன்வரிசைக்காரர்கள் எந்த இடத்தில் கைதட்டுவது என்று தெரியாமல் விழித்து, பிறகு மொத்தமாகத் தட்டினார்கள். ரத்தினவேல் ஐயா கைக்குட்டையை மறந்து சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அடுத்த புள்ளைக்கு இதையே சொல்லிக் குடுத்துரு கண்ணு" என்றார். என் காதில் விழுந்ததால் அம்மாவும் கீழேயிருந்து, "அடுத்த புள்ளைக்கு இதையே சொல்லிக் குடுத்துரு கண்ணு" என்றாள். அது என் காதுக்கு எட்டுமுன் அரங்கமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

அப்போது காவலாளி, விழா நாள் என்று பார்க்காமல், பழக்கத்தில் கடைசி மணியை அடித்தார்.

அம்மா வாயை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தாள். ஒன்றும் தானாக வரவில்லை. தாடையைத் தடவிக்கொண்டாள். நான் மேடையிலிருந்து ஓடி இறங்கி அவள் முன்னால் போய் நின்றேன். மூன்று வருடத்துப் பாடமும் முடிந்துபோய், இனி எந்நாளும் அவளுடையதாகவே இருக்கப்போகிற அந்த வாயால் முதலில் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல படிக்கிறதுன்னா எத்தன வருசம்டி?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு வருசம்மா."

"சரி" என்றாள். "படி."